நிலவு மண்ணும் சித்தம்பூண்டிப் பாறையும்



2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் காலையில், நான் பணிபுரியும் அகமதாபாத் நகரப் பள்ளியில் தமிழ் வகுப்பு வழக்கம்போல் நடைபெறவில்லை. அதற்கு முந்தைய நாள் மாலையில்தான் சந்திரயான்-3 விண்கலத்தின் தரையிறங்கி நிலவில் மெல்ல இறங்கியிருந்தது. மாணவர்கள் அனைவரும் அதைத் தத்தம் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டிருந்தனர். அன்று நான் நடத்தவிருந்த புணர்ச்சி இலக்கணத்தைக் கேட்கும் நிலையில் ஒருவரும் இல்லை. எனவே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "கேளுங்கள்" என்றேன்.

கேள்விகள் மழையாய்ப் பொழிந்தன. நிலவில் காற்று உண்டா, உலாவி எவ்வளவு தொலைவு செல்லும், அது திரும்பி வருமா எனப் பலரும் வினவினர். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான். அவன் பெற்றோர் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மணிநகர்ப் பகுதியில் அவர்கள் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. "அம்மா, நிலவுக்கு அனுப்புவதற்காக எங்கள் ஊர்க் கல்லை விஞ்ஞானிகள் எடுத்துப் போனார்கள் என்று தாத்தா தொலைபேசியில் சொன்னார். அது உண்மையா? விடுமுறைக்குப் போனால் அங்கே வெயிலும் கல்லும்தான் இருக்கின்றன" என்றான். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்துவிட்டான்.

தாத்தா கூறியதில் பெரும்பகுதி உண்மை என்பதை நான் செய்தித்தாளில் படித்திருந்தேன். அதை வகுப்பிலும் சொன்னேன். ஆனால் இந்தியாவில் எத்தனையோ மலைகளும் பாறைகளும் இருக்க, அந்த ஊர்க் கல்லை மட்டும் ஏன் தேடிச் சென்றனர் என்று அடுத்தொரு மாணவி கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. நான் தமிழ் படித்தவள். பாறைகளைப் படித்தவள் அல்லள். பின்னர்த் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்குப் பாடமாக எழுதியுள்ளேன்.

நிலவின் கறையும் வெண்மையும்

முழுநிலவை உற்றுப் பாருங்கள். வெண்மையான பரப்பின்மீது கருந்திட்டுகள் சில தெரியும். நிலவில் பாட்டி ஒருத்தி வடை சுடுகிறாள் என்று நம் வீட்டுப் பெரியோர் காட்டுவது இத்திட்டுகளைத்தான். முயல் இருக்கிறது என்று சொல்வோரும் உண்டு. ஐரோப்பிய வானியலார் இவற்றைக் கடல்கள் எனக் கருதிப் பெயரிட்டனர். அங்கு ஒரு துளி நீரும் ஓடவில்லை என்பது பின்னர்த் தெரிந்தபோதும், கடல் என்னும் பெயர் மட்டும் மாறவில்லை.

கருந்திட்டுகள் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பசால்ட் பாறையால் ஆனவை. வெண்மையாகத் தெரியும் மேட்டு நிலங்களோ அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறையால் ஆனவை. நம் பாடத்திற்கு இந்த இரண்டாவது பாறையே முதன்மையானது.

1969ஆம் ஆண்டு அப்பல்லோ-11 பயணத்தில் நிலவுக்குச் சென்ற வீரர்கள் ஒரு கருங்கடலில்தான் இறங்கினர். அவர்கள் அள்ளிவந்த கரிய மண்ணில் வெண்மையான சிறு துணுக்குகள் சில கலந்திருந்தன. அவை அந்த இடத்துக்குரியவை அல்ல. தொலைவிலுள்ள மேட்டு நிலத்தில் விண்கற்கள் மோதியபோது சிதறி வந்து விழுந்தவை. அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கி எடுப்பதுபோல் அறிஞர்கள் அத்துணுக்குகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அந்தச் சிறு துணுக்குகளிலிருந்து ஒரு பெருங்கருத்து பிறந்தது.

ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, செவ்வாய்க் கோளின் அளவுடைய ஒரு பொருள் இளம்பூமியின்மீது மோதியது என்றும், அப்போது சிதறிய பொருள்கள் ஒன்றுகூடி நிலவு உருவாயிற்று என்றும் அறிவியலார் பலர் கருதுகின்றனர். அவ்வாறு பிறந்த நிலவு கொதிநிலையில் இருந்தது. அதன் மேற்பகுதி பல நூறு கிலோமீட்டர் ஆழத்திற்கு உருகிய பாறைக் குழம்பாகவே இருந்தது. குழம்பு ஆறத் தொடங்கியதும், எடை மிகுந்த கனிமங்கள் அடியில் தங்கின. அலுமினியமும் கால்சியமும் மிகுந்த எடை குறைந்த கனிமம் மேலே மிதந்து வந்து, காய்ச்சிய பாலின்மீது ஆடை படிவதைப்போல் படிந்து இறுகியது. அந்த ஆடையே அனார்த்தோசைட் பாறை. நிலவின் வெண்மை அதுவே. இக்கருத்தை 'உருகுபாறைக் கடல் கொள்கை' எனலாம்.

கொள்கை அழகாக இருக்கிறது. ஆயினும் அதற்கான சான்றுகள் பெரும்பாலும் நிலவின் நடுக்கோட்டுப் பகுதியிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் வந்தவையே. துருவத்தை ஒட்டிய நிலத்தில் இறங்கி, அங்குள்ள மண்ணை அங்கேயே சோதித்துப் பார்த்தவர் எவரும் இலர். உலகமே ஓர் ஆடையால் மூடப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதன் ஓரத்தையும் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டுமல்லவா?

சித்தம்பூண்டி

இனி நாமக்கல் மாவட்டத்திற்கு வருவோம். முட்டைக்கும் சரக்குந்துகளுக்கும் பேர்போன மாவட்டம் அது. அங்குப் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை முதலிய சிற்றூர்கள் உள்ளன. அவ்வூர்களின் நிலத்தடியில் அனார்த்தோசைட் பாறை நீண்ட பட்டையாகப் பரவியிருக்கிறது. சில இடங்களில் வயல் வரப்புகளிலேயே அது வெளியே தெரியும். வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறத்தில், இடையிடையே கரும்பொட்டுகளுடன் காணப்படும் அக்கல்லைப் புவியியலார் நெடுங்காலமாக அறிவர். அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

நிலவில் ஒரு கலனை இறக்க வேண்டுமென்றால், அதற்கு முன்பு பூமியிலேயே பலமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். தரையிறங்கியின் கால்கள் மண்ணில் எவ்வளவு புதையும்? உலாவியின் சக்கரங்கள் வழுக்குமா? இவற்றை ஆற்று மணலிலோ கடற்கரை மணலிலோ சோதித்தால் பயனில்லை. ஏனெனில் நம் மணல் நீரிலும் காற்றிலும் உருண்டு உருண்டு மழுங்கியது. நிலவிலோ நீரோட்டமும் இல்லை, காற்றும் இல்லை. விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மோதி மோதிப் பாறையைத் தூளாக்கியுள்ளன. ஆதலால் அதன் துகள்கள் உடைந்த கண்ணாடியைப்போல் கூர்மையானவை, மாவைப்போல் நுண்மையானவை. ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் இயல்பும் அவற்றுக்கு உண்டு.

எனவே நிலவு மண்ணை ஒத்த செயற்கை மண் தேவைப்பட்டது. அமெரிக்காவில் அத்தகைய மண்ணை முன்னரே உருவாக்கியிருந்தனர். ஆனால் அதன் விலை மிகுதி. நமக்கோ பல டன் மண் வேண்டும். மேலும், அவர்கள் பெரிதும் பயன்படுத்திய மண், எரிமலைச் சாம்பலிலிருந்து செய்யப்பட்டது. நிலவின் கருந்திட்டுப் பகுதியை ஒத்தது. சந்திரயான் இறங்க விரும்பியதோ வெண்ணிற மேட்டு நிலத்தில். கறுப்பு மண்ணில் ஒத்திகை பார்த்துவிட்டு வெள்ளை மண்ணில் இறங்குவது, களிமண் தரையில் ஓடப் பழகியவன் கடற்கரை மணலில் ஓட்டப் பந்தயத்திற்குப் போவது போன்றது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோவின் பொறியாளர்கள், சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினருடனும் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தினருடனும் சேர்ந்து இப்பணியில் ஈடுபட்டனர். சித்தம்பூண்டிப் பாறையின் வேதியியல் அமைப்பு நிலவின் மேட்டுநிலப் பாறையோடு நெருங்கி ஒத்துப்போவதை உறுதிசெய்தனர். பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டு அரைக்கப்பட்டன. அரைத்த தூளைச் சலித்து, நிலவு மண்ணில் எந்தெந்த அளவுத் துகள்கள் எவ்வளவு உள்ளனவோ அதே விகிதத்தில் கலந்தனர். ஏறத்தாழ 50 டன் மண் பெங்களூருவுக்குச் சென்றது. அந்த மண் பரப்பிய ஆய்வுக்கூடத்தில்தான் சந்திரயான்-2, சந்திரயான்-3 ஆகியவற்றின் ஒத்திகைகள் நிகழ்ந்தன. இம்மண்ணைச் செய்யும் முறைக்கு 2020ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமையும் வழங்கப்பட்டது.

தாத்தா கூறியதில் ஒரு சிறு திருத்தம் மட்டும் தேவை. கல் நிலவுக்குப் போகவில்லை. நிலவுக்குப் போகவேண்டிய கால்களும் சக்கரங்களும் அந்தக் கல்லின்மீது நடை பழகின.

2019: கைநழுவிய இறக்கம்

இந்தியாவின் முதல் நிலவுப் பயணம் 2008 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. பொள்ளாச்சி வட்டாரத்தில் கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். சந்திரயான்-1 நிலவில் இறங்கும் கலன் அன்று. சுற்றிவந்து ஆராயும் கலன். அதில் பொருத்தப்பட்ட அமெரிக்கக் கருவி ஒன்று, நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் அடையாளத்தைக் கண்டறிந்தது. 2009 செப்டம்பரில் இச்செய்தி வெளியானபோது, எலும்பைப்போல் உலர்ந்தது எனக் கருதப்பட்ட நிலவைப் பற்றிய எண்ணமே மாறியது.

பத்தாண்டுகளுக்குப் பின் சந்திரயான்-2 புறப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மு. வனிதா அதன் திட்ட இயக்குநர். 2019 செப்டம்பர் 7 அன்று பின்னிரவில் விக்ரம் தரையிறங்கி நிலவை நோக்கி இறங்கியது. தரைக்குச் சிறிது உயரத்தில் இருந்தபோது தொடர்பு அறுந்தது. கலன் மோதி நொறுங்கியது.

நிலவில் இறங்குவது ஏன் இவ்வளவு கடினம்? கலன் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சற்றேறக்குறைய 1.7 கிலோமீட்டர். இந்த வேகத்தில் சென்றால் அகமதாபாத்திலிருந்து சென்னைக்குப் பதினைந்து நிமிடத்திற்குள் சேர்ந்துவிடலாம். அவ்வளவு வேகத்தையும் இருபது நிமிடத்திற்குள் சுழியாக்க வேண்டும். காற்று இல்லாமையால் வான்குடை விரித்துப் பயனில்லை. எதிர்த்திசையில் இயந்திரங்களை எரித்தே வேகத்தைக் குறைக்க வேண்டும். பூமியிலிருந்து வானொலி அலை நிலவைச் சென்றடைய ஒரு நொடிக்கு மேலாகிறது. ஆதலால் இங்கிருந்து எவரும் ஓட்ட இயலாது. கலன் தானே பார்த்து, தானே கணக்கிட்டு, தானே இறங்க வேண்டும்.

சந்திரயான்-2இன் இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியாக உந்தின. பிழைகள் சிறுகச் சிறுகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்திக்கொள்ளக் கலன் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் அவ்வளவு வேகமாகத் திரும்ப மென்பொருளில் இடமளிக்கப்படவில்லை. இறங்குவதற்குக் குறித்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் அளவுள்ள சிறு சதுரம். அந்தச் சதுரத்தை அடைய முயன்றபோதே எல்லாம் தவறிப்போயிற்று.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைச்செய்தி உண்டு. நொறுங்கிய கலனின் சிதறல்கள் எங்கே என்று பல வாரங்கள் தெரியவில்லை. அமெரிக்க நாசா நிறுவனம் அப்பகுதியின் படத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. சென்னையில் பணிபுரிந்த இளம் பொறியாளர் ஒருவர், பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து இரவுதோறும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளி இருப்பதைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். அவர் கண்டது சரியே என்று 2019 டிசம்பரில் நாசா அறிவித்தது. அவரிடம் இருந்தவை ஒரு கணினியும் பொறுமையுமே.

2023: மீண்டும் ஒரு முயற்சி

சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல். விழுப்புரத்தைச் சேர்ந்த இவர், ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்து, பட்டயப் படிப்பு முடித்து, அதன் பின்னரே பொறியியல் கல்லூரிக்குச் சென்றவர். உங்களுள் பலருடைய பெற்றோரும் ரயில்வே, வங்கி, படைத்துறை எனப் பணிநிமித்தமாக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் என்பதால் இதனைக் குறிப்பிடுகிறேன்.

இம்முறை பொறியாளர்கள் மேற்கொண்ட அணுகுமுறை வேறானது. எல்லாம் சரியாக நடக்கும் என்று கொண்டு கலனை வடிவமைக்காமல், எவையெவை தவறக்கூடும் எனப் பட்டியலிட்டு, அவை தவறினாலும் கலன் பிழைக்குமாறு வடிவமைத்தனர். கால்களை வலுப்படுத்தினர். எரிபொருளைக் கூட்டினர். ஐந்து இயந்திரங்களை நான்காகக் குறைத்தனர். இறங்கும் வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர்க் கருவி ஒன்றைச் சேர்த்தனர். இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரிவாக்கினர். கருநாடகத்தின் சல்லக்கெரே பகுதியில் தரையில் செயற்கைப் பள்ளங்களைத் தோண்டி, இறங்கும் உணரிகள் அவற்றை அடையாளம் காண்கின்றனவா என்றும் சோதித்தனர்.

2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கலன் புறப்பட்டது. ஆகஸ்டு 19 அன்று, ஏறத்தாழ அதே பகுதியை நோக்கிச் சென்ற ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி அழிந்தது. நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்டு 23 மாலை 6 மணி கடந்து சில நிமிடங்களில், விக்ரம் நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. நிலவில் மெல்ல இறங்கிய நாடுகளுள் இந்தியா நான்காவது. அதுவரை எந்தக் கலனும் தெற்கே அவ்வளவு தொலைவில் பத்திரமாக இறங்கியதில்லை.

பல செய்தித்தாள்கள் 'தென்துருவத்தில் இறங்கியது' என்று எழுதின. நீங்கள் அவ்வாறு எழுதாதீர்கள். இறங்கிய இடம் தெற்கு 69 பாகை அகலாங்கில் உள்ளது. துருவமுனை அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 'தென்துருவப் பகுதிக்கு அருகில்' என்பதே பொருத்தம். உண்மையான வெற்றிக்கு மிகைப்படுத்தல் எதற்கு?

உலாவி சொன்ன செய்தி

26 கிலோகிராம் எடையும் ஆறு சக்கரங்களும் கொண்ட பிரக்யான் என்னும் உலாவி, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் சரிவுப்பலகை வழியே இறங்கியது. எறும்பு அதனை முந்திவிடும். நிலவில் ஒரு பகற்பொழுது நம் கணக்கில் ஏறத்தாழ பதினான்கு நாள். அந்த ஒரு பகலுக்குள் உலாவி நூறு மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்தது.

அதில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று லேசர் ஒளியால் மண்ணைச் சுட்டு ஆவியாக்கி, அந்த ஒளிர்வைப் படிப்பது. அது மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. மற்றொன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது செய்யப்பட்டது எங்கள் நகரில். 1947ஆம் ஆண்டு விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அதனை உருவாக்கியது. தரையிறங்கிக்கு விக்ரம் எனப் பெயர் வைத்ததும் அவர் நினைவாகத்தான். நாமக்கல் மாணவன் நாள்தோறும் பள்ளிப் பேருந்தில் வரும் நகரமும், அவன் தாத்தா வாழும் மாவட்டமும் ஒரே பயணத்தில் பங்கேற்றன என்பதை அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

அக்கருவியினுள் கியூரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் சிறிதளவு வைக்கப்பட்டுள்ளது. அதிலிருந்து வெளிப்படும் கதிர்கள் மண்ணில் பட்டதும், மண்ணிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய ஊடுகதிரை வெளியிடும். இருட்டில் குரலைக் கேட்டே ஆளை அறிவதுபோல், அந்த ஊடுகதிரைக் கொண்டே இது அலுமினியம், இது கால்சியம், இது இரும்பு என அறியலாம். உலாவி 103 மீட்டர் தொலைவுக்குள் 23 இடங்களில் நின்று, கருவியை மண்ணருகே தாழ்த்தி அளந்தது.

முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளிவந்தன. 23 இடங்களிலும் மண்ணின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அது அனார்த்தோசைட் வகையைச் சார்ந்ததாகவும் இருந்தது. நிலவின் நடுப்பகுதியில் அப்பல்லோ வீரர்கள் கண்ட அதே பால் ஆடை, துருவத்தை ஒட்டிய பகுதியிலும் இருக்கிறது. உருகுபாறைக் கடல் நிலவு முழுவதையும் சூழ்ந்திருந்தது என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது.

ஆனால் ஒரு முடிச்சும் இருந்தது. எதிர்பார்த்ததைவிட மெக்னீசியம் மிகுதியாகக் காணப்பட்டது. மெக்னீசியம் மிகுந்த கனிமங்கள் அடியில் தங்கியவை அல்லவா? அவை மேலே வந்தது எப்படி? நிலவின் தென்பகுதியில் ஏறத்தாழ 2500 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மாபெரும் பள்ளம் உண்டு. அதனைத் தோண்டிய மோதல், ஆழத்திலிருந்த பொருளை வாரி இறைத்திருக்க வேண்டும் என்றும், அதன் ஒரு பகுதி இங்கு வந்து விழுந்து மேல்மண்ணோடு கலந்திருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

செய்து பாருங்கள்: அகன்ற தட்டில் கேழ்வரகு மாவை இரண்டு விரல் உயரத்திற்குப் பரப்பி, அதன்மேல் அரிசி மாவை மெல்லிய படலமாகத் தூவுங்கள். முழங்கை உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டை விடுங்கள். பள்ளத்தைச் சுற்றி எந்த மாவு சிதறிக் கிடக்கிறது என்று நோக்குங்கள். வீட்டில் அம்மாவிடம் முன்பே கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

ஒரு சாண் ஆழத்திற்குள்

தரையிறங்கியிலும் ஒரு கருவி இருந்தது. பத்து வெப்ப உணரிகள் பதித்த கோல் ஒன்றை அது மண்ணுக்குள் செலுத்தியது. மேற்பரப்பில் 50 பாகைக்கு மேல் வெப்பம் இருக்க, எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் சுழிக்கும் கீழே 10 பாகை எனப் பதிவாயிற்று. நம் சுண்டுவிரலைவிடச் சற்று நீளமான ஆழத்திற்குள் மே மாதத்து வேலூரும் பனிக்கால இமயமும் இருக்கின்றன! நிலவின் மேல்மண் வெப்பத்தை உள்ளே விடாத கம்பளிப் போர்வையாக விளங்குவதே இதற்குக் காரணம்.

பின்னர் 2025இல் வெளிவந்த விரிவான ஆய்வு இன்னொன்றையும் கூறியது. கோல் இறங்கிய இடம் கதிரவனை நோக்கி ஆறு பாகை சாய்ந்திருந்தது. அங்கு மேற்பரப்பு 82 பாகை வரை சூடாயிற்று. ஒரே ஒரு மீட்டருக்கு அப்பால் இருந்த சமதரையிலோ 59 பாகைதான். இவ்வளவு சிறிய சரிவு இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குமானால், கதிரவனுக்கு முதுகைக் காட்டிச் சரிந்த நிலத்தில் குளிர் எவ்வளவு மிகுந்திருக்கும்? அத்தகைய சரிவுகளின் அடியில் பனிக்கட்டி இருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் எண்ணுகின்றனர். நிலவின் அச்சு மிகச் சிறிதளவே சாய்ந்திருப்பதால், துருவப் பகுதிப் பள்ளங்கள் சிலவற்றில் கதிரொளி ஒருபோதும் விழுவதில்லை. நீரைத் தேடுவோர் அந்த இருட்டுப் பள்ளங்களையே நோக்கியிருந்தனர். சாதாரணச் சரிவுகளிலும் நீர் இருக்குமானால், வருங்காலத்தில் அங்குத் தங்கச் செல்வோரின் வேலை எளிதாகும். பூமியிலிருந்து ஒரு குடம் நீரைத் தூக்கிச் செல்வது எத்தனை செலவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

செப்டம்பர் 3 அன்று விக்ரம் தன் இயந்திரங்களை மீண்டும் இயக்கி, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரத்திற்கு எழும்பிச் சற்றுத் தள்ளி இறங்கியது. நிலவிலிருந்து ஒரு கலனைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால், எழும்பத் தெரிய வேண்டும். அதற்கான முதல் தப்படி இது. பின்னர் இரவு வந்தது. உலாவியும் தரையிறங்கியும் உறங்க வைக்கப்பட்டன. இரவின் கடுங்குளிரைத் தாங்குமாறு அவை செய்யப்படவில்லை. பொழுது புலர்ந்ததும் எழுப்பிப் பார்த்தனர், அவை விழிக்கவில்லை.

2024 ஜூனில் சீனாவின் சாங்கி-6 கலன், நமக்கு என்றும் முகம் காட்டாத நிலவின் மறுபக்கத்திலிருந்து இரண்டு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான மண்ணைக் கொண்டுவந்தது. நிலவு மண்ணை அள்ளிவருவதற்கான சந்திரயான்-4 திட்டத்திற்கு 2024 செப்டம்பரில் நம் நடுவண் அரசு ஒப்புதல் அளித்துள்ளது.

கல் வந்த கதை

சென்ற கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அந்த நாமக்கல் மாணவன் ஒரு துணிப்பையோடு வந்தான். பையில் உள்ளங்கையளவு கல் ஒன்று. தாத்தாவுடன் பேருந்தில் சித்தம்பூண்டிக்குச் சென்று, சாலையோரம் கிடந்ததை எடுத்து வந்ததாகச் சொன்னான். முன்பு சிரித்தவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர். "இது நிலவுக் கல்லேதானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அன்று என்னால் விடை கூற முடிந்தது. இது நிலவுக் கல் அன்று. நிலவுக் கல்லின் சாயல் உடையது. நிலவின் பாறை, உருகிய கடலின்மேல் மிதந்து உறைந்தது. இதுவோ பூமியின் ஆழத்தில் உருவாகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பலமுறை மாறியது. இதிலுள்ள கருநிறக் கனிமங்கள் சில நீரின் கூறுகளைத் தம்முள் கொண்டவை. நிலவின் பாறையில் அவை இல்லை. ஒரே சாயலுடைய இருவர் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்வளவையும் கேட்டபின், "பரவாயில்லை அம்மா, ஒத்திகை பார்த்தது இதில்தானே" என்றான் அவன். கல் இப்போது எங்கள் அறிவியல் ஆய்வகத்தின் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. அதன் கீழ் ஒட்டியுள்ள சீட்டை அவனே மூன்று மொழிகளில் எழுதினான். தமிழ் வரியில் 'சித்தம்பூண்டி' என்பதை முதலில் 'சித்தம்புண்டி' என்று எழுதி, பின்னர்க் காலை நீட்டித் தானே திருத்திக்கொண்டான்.

பயிற்சி

1. கடற்கரை மணலின்மீது உலாவியைச் சோதித்தால் பயனில்லை என்று கூறுவதன் காரணம் யாது?

2. 'பால் ஆடை' என்னும் உவமை நிலவின் எப்பகுதியை விளக்குகிறது? உவமையில் பாலாகவும் ஆடையாகவும் வருபவை எவை?

3. மெக்னீசியம் மிகுதியாகக் காணப்பட்டது ஆய்வாளர்களுக்கு ஏன் வியப்பளித்தது? மாவுச் சோதனையில் நீங்கள் கண்டதோடு ஒப்பிட்டு எழுதுக.

4. உங்கள் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு, உங்கள் சொந்த ஊரின் மண்ணின் நிறம், அங்குள்ள கல்லின் வகை, அங்கு விளையும் பயிர் ஆகியவற்றைப் பத்து வரிகளில் எழுதுக. ஊரின் பெயரைப் பிழையின்றி எழுதுக.